நகமும் கட்டைவிரலும்: 1855-ஆம் ஆண்டின் பாஞ்சோ பாடப்புத்தகத்தை இன்று வாசிப்பது எப்படி

பாஞ்சோ என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, தட்டச்சுப் பொறியைப் போல விசை வைத்த புல்புல்தாராதான். இந்தியாவில் அதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்தக் கட்டுரை பேசுவது அமெரிக்கப் பாஞ்சோவைப் பற்றி. வட்ட மரச் சட்டத்தின் மேல் தோல் போர்த்தி, நீண்ட தண்டி பொருத்தி, நான்கு நெடுந்தந்திகளும் ஒரு குறுந்தந்தியும் கட்டிய கருவி அது. அதிலும் 1850-களில் இருந்த வடிவம்: தண்டியில் சுர இடம் காட்டும் மெட்டுக்கட்டை கிடையாது, எஃகுத் தந்தி கிடையாது, ஒலியைக் கூட்டும் பின்தட்டும் கிடையாது.

அந்தக் காலத்து வாசிப்பை ஒலியாகக் கேட்க வழியில்லை. ஒலிப்பதிவு பரவலான 1890-களில் மேடைப் பாஞ்சோக்காரர்கள் வேறொரு பாணிக்கு மாறிவிட்டிருந்தார்கள். எஞ்சியிருப்பவை பாடப்புத்தகங்கள்தாம். பாஸ்டனில் ஆலிவர் டிட்சன் நிறுவனம் 1855-இல் வெளியிட்ட தாமஸ் பிரிக்ஸின் பாஞ்சோ போதினி அவற்றில் முதன்மையானது. அதற்கு முன்பு, 1851-இல், எலியாஸ் ஹோவ் புனைபெயரில் ஒரு புத்தகம் போட்டார். ஆனால் அதில் இருப்பவை எந்தக் கருவியிலும் வாசிக்கத்தக்க பொதுவான மெட்டுகள். பாஞ்சோவைப் பிடித்த கை என்ன செய்கிறது என்பதை அது சொல்வதில்லை. பிரிக்ஸ்தான் அதைச் சொன்னார். 1858-இல் ஃபில் ரைஸ், 1860-இல் ஜேம்ஸ் பக்லி, 1865-இல் இரண்டு புத்தகங்களோடு ஃபிராங்க் கான்வர்ஸ் என்று வரிசை தொடர்ந்தது. பிரிக்ஸ் தன் புத்தகத்தை அச்சில் பார்க்கவில்லை. அது வெளிவருவதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

இந்தப் புத்தகங்கள் எல்லாம் மேற்கத்திய ஐந்துகோட்டுச் சுரக்குறியில் உள்ளவை. பியானோ படித்த ஒருவர் பார்த்த மாத்திரத்தில் இதன் மெட்டுகளை வாசித்துவிடலாம். வாசித்தால், சப்பையான, குழந்தைப் பாட்டு போன்ற ஒன்றுதான் வரும். இவ்வளவுதானா என்று புத்தகத்தை மூடி வைத்தவர்கள் நிறைய. மெட்டு சுரக்குறியில் இருக்கிறது. இசை வலக்கையின் அசைவில் இருக்கிறது. எந்தச் சுரத்தை எந்த விரல் எந்தத் தந்தியில் எழுப்புகிறது என்பது தெரிந்தால்தான் தாளின் மேல் கிடப்பது எழுந்து ஆடும். அந்த அசைவும், சுருதி சேர்த்த விதமும், நரம்பும் தோலும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்றை மாற்றினால் மற்றவை பொருளிழக்கும்.

யாருடைய கை இது

பிரிக்ஸ், ரைஸ், பக்லி, கான்வர்ஸ் எல்லோரும் வெள்ளையர்கள். முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலிப்பொருளாக்கிய மின்ஸ்ட்ரல் மேடைகளில் புழங்கிய உலகத்தைச் சேர்ந்தவர்கள். 1843-இல் நியூயார்க்கில் டான் எம்மட்டும் அவர் தோழர்கள் மூவரும் சேர்ந்து தொடங்கிய குழு இந்த மேடை வடிவத்தை நாடு முழுக்கப் பரப்பியது. புத்தகங்களில் வரும் பாடல் வரிகள் பலவும் இன்று வாய்விட்டுப் படிக்கக் கூசும் அளவுக்கு இழிவானவை.

ஆனால் கருவியும் அதை வாசிக்கும் கையும் அந்த மேடையில் பிறக்கவில்லை. 1687-இல் ஜமைக்காவுக்குப் போன ஹான்ஸ் ஸ்லோன், அங்கே அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி வாசித்த தந்திக் கருவியைப் பார்த்து எழுதி வைத்தார். அவருடைய நூல் 1707-இல் அச்சானது. 1770-களில் சூரினாமில் ஜான் கேப்ரியல் ஸ்டெட்மன் சேகரித்த அத்தகைய கருவி ஒன்று நெதர்லாந்தின் லைடன் நகர அருங்காட்சியகத்தில் இன்னும் இருக்கிறது. தென் கரோலினாவில் 1780-களின் பிற்பகுதியில் வரையப்பட்டதாகக் கணிக்கப்படும் ஓர் ஓவியத்தில், கறுப்பின இசைஞர் ஒருவர் வாசிக்கும் பாஞ்சோவில் கட்டைவிரலுக்கான குறுந்தந்தி தெளிவாகத் தெரிகிறது. வர்ஜீனியாவின் ஜோயல் வாக்கர் ஸ்வீனிதான் அந்தக் குறுந்தந்தியைக் கண்டுபிடித்தவர் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். ஸ்வீனி பிறந்ததே 1810-இல். கணக்கு உதைக்கிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல், காம்பியா பகுதி ஜோலா மக்கள் இன்றும் வாசிக்கும் அகோன்டிங் என்ற மூன்று தந்திக் கருவியில் சுட்டுவிரல் நகம் தந்தியைக் கீழ்நோக்கி அடிக்க, கட்டைவிரல் குறுந்தந்தியை எழுப்பும். பிரிக்ஸ் 1855-இல் எழுத்தில் விளக்கும் அசைவு இதேதான். அகோன்டிங்கை பாஞ்சோவின் நேரடித் தாய் என்று சொல்லிவிட முடியாது. பாஞ்சோ கரீபியத் தீவுகளில் பல ஆப்பிரிக்க மரபுகள் கலந்து உருவானது. ஆனால் கையசைவின் ஊர் எது என்பதில் ஐயம் இல்லை. தோட்டங்களில் கறுப்பின மக்களிடம் கற்ற மெட்டுகள் இதில் உள்ளன என்று பிரிக்ஸ் புத்தகத்தின் முன்னுரையே சொல்கிறது. கற்றுக்கொடுத்தவர்களின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. இந்த இசையை இன்று எடுத்து வாசிக்கிறவர் அந்தப் பெயரில்லாத ஆசிரியர்களிடம்தான் பாடம் கேட்கிறார். அந்தக் கடனைக் கேட்பவர்களிடமும் சொல்லிவிட்டு வாசிப்பதே முறை.

தோலும் நரம்பும்

அந்தக் காலப் பாஞ்சோவின் தோல் வட்டம் பெரிது: குறுக்களவு 12, 13 அங்குலம் சாதாரணம். தந்தியின் ஒலிக்கும் நீளம் கருவிக்குக் கருவி வேறுபட்டது. 66 சென்டிமீட்டரை, அதாவது 26 அங்குலத்தை, இங்கே கணக்குக்கு வைத்துக்கொள்வோம். எளிய கருவிகளில் தோலைச் சட்டத்தின் பக்கவாட்டில் ஆணியடித்துவிடுவார்கள். பால்டிமோர் நகரில் மத்தளம் செய்துவந்த வில்லியம் பௌச்சர், மத்தளத்தைப் போலவே இரும்பு வளையமும் திருகுக் கொக்கிகளும் வைத்துத் தோலை இறுக்கும் முறையைப் பாஞ்சோவில் பயன்படுத்தினார். அவர் செய்த கருவிகள் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளன.

கஞ்சிராவில் தண்ணீர் தடவிச் சுருதியை இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு ஆணியடித்த தோலின் சிக்கலை விளக்க வேண்டியதில்லை. ஈரக்காற்றில் தோல் தொய்யும். தொய்ந்தால், தோலின் மேல் நின்று தந்திகளைத் தாங்கும் குதிரையும் தோலோடு சேர்ந்து அமிழும். குதிரை அமிழ்ந்தால் தந்திகள் தண்டிப் பலகையை நெருங்கி இரையும், சுருதியும் இறங்கும். ஒலி மந்தமாகி, அடித்த அடி தோலுக்குள்ளேயே புதைந்துவிடும். கொக்கி வைத்த கருவியில் திருகினால் போதும். ஆணியடித்த கருவியை விளக்கின் அருகிலோ இளஞ்சூட்டிலோ காட்டி வறட்ட வேண்டும். மழை நாளுக்கென்று ஒரு மில்லிமீட்டர் உயரமான குதிரை ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்வது அதைவிடச் சுலபம்.

தோல் மாற்றும்போது பெரும்பாலானோர் செய்யும் தவறு, நனைந்த தோலைப் பலங்கொண்ட மட்டும் இழுப்பது. நனைந்து மெத்தென்றான தோல் எவ்வளவு இழுத்தாலும் வரும். ஆனால் காயும்போது அதுவே சுருங்கி ஆணித் துளைகளில் கிழியும், இல்லாவிட்டால் மெல்லிய மரச் சட்டத்தை முட்டை வடிவமாக்கும். சுருக்கம் நீங்கும் அளவுக்கு மட்டும் இழுத்து, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி ஆணியடித்து, நிழலில் ஒரு நாள் முழுக்க உலரவிட வேண்டும். வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து இழுக்கும்.

தந்திகள் ஆட்டுக் குடலில் முறுக்கியவை. நான்காவது மட்டும் பட்டு இழையின் மேல் மெல்லிய உலோகக் கம்பி சுற்றியது. அது ஏன் என்பதைக் கணக்கே காட்டிவிடும். 66 சென்டிமீட்டர் நீளத்தில் முதல் தந்திக்கு 0.6 மில்லிமீட்டர் நரம்பு கட்டி, பிரிக்ஸ் சொல்லும் சுருதிக்கு ஏற்றினால் இழுவிசை ஏறக்குறைய 3 கிலோ. இரண்டாவதற்கு 0.7, மூன்றாவதற்கு 0.85 மில்லிமீட்டர் வைத்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே இறுக்கத்தில் நிற்கும். நான்காவதையும் வெறும் நரம்பிலேயே கட்ட நினைத்தால் 1.3 மில்லிமீட்டர் தடிமன் தேவைப்படும். அவ்வளவு தடித்த நரம்பு வளைந்து அதிராது, தொப் என்று ஒலித்து அடங்கிவிடும். அதனால்தான் எடையைக் கம்பிச் சுற்றிலிருந்து வாங்கினார்கள்.

ஐந்தாவது குறுந்தந்திக்கும் முதல் தந்திக்கும் ஒரே தடிமன் போதும். குறுந்தந்தியின் பிருடை, அதாவது தந்தியை முறுக்கும் முளை, தண்டியின் பக்கவாட்டில், முழு நீளத்தில் நான்கில் ஒரு பங்கு தள்ளி இருக்கிறது. மிஞ்சிய நீளம் முக்கால் பங்கு. முக்கால் நீளத் தந்தி அதே இறுக்கத்தில் ஒரு சுத்த மத்திமம் மேலே ஒலிக்கும். புத்தகம் கேட்கும் சுருதியும் அதுவே. கருவி செய்தவர்கள் சூத்திரம் போட்டுப் பார்த்தார்களோ இல்லையோ, கணக்கு கச்சிதமாக இருக்கிறது.

குடல் நரம்பு விலை அதிகம், நகம் பட்டுப் பட்டு நார் நாராகப் பிரியும். இன்று பலர் நைல்கட் என்ற செயற்கை நரம்பைக் கட்டுகிறார்கள். அதன் அடர்த்தி குடல் நரம்பை ஒத்தது என்பதால் மேலே சொன்ன தடிமன்கள் அப்படியே பொருந்தும். சாதா நைலான் எடை குறைந்தது, அதே இறுக்கத்துக்குக் கொஞ்சம் தடிமனாக எடுக்க வேண்டும். ஃப்ளோரோகார்பன் எடை கூடியது, மெல்லியதாக எடுக்க வேண்டும். எந்தச் செயற்கை நரம்பும் முதல் சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும். அந்த நாட்களில் சுருதி நிற்கவில்லையே என்று பிருடையைக் குறை சொல்லாதீர்கள்.

சுருதி

பிரிக்ஸ் தரும் சுருதி, மேற்கத்தியச் சுரப் பெயர்களில், ஐந்தாம் தந்தியிலிருந்து வரிசையாக: மேல் டி, ஜி, டி, எஃப் ஷார்ப், ஏ. நம் காதுக்குப் பழகிய முறையில் சொன்னால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் நான்காம் தந்தி ஸ, மூன்றாவது ப, இரண்டாவது காகலி நி, முதல் தந்தி மேல் ஸ்தாயி ரி, குறுந்தந்தி மேல் ஸ்தாயி ப. டி-யை ஸட்ஜமாக வைத்தாலோ, நான்காவது கீழ் ஸ்தாயி ம, பிறகு ஸ, அந்தர க, ப, குறுந்தந்தி மேல் ஸ.

புத்தகத்தில் இந்த இரண்டு ஸட்ஜங்களும்தான் பெரும்பாலும் புழங்குகின்றன. இரண்டுக்கும் குணம் வேறு. டி-யில் வாசிக்கும்போது நான்காவதை விட்டு மற்றத் திறந்த தந்திகளை மொத்தமாக உரசினால் ஸ-க-ப ஒலித்து வீடு வந்து சேர்ந்த நிம்மதி கிடைக்கும். ஜி-யில் வாசிக்கும்போது அதே திறந்த தந்திகள் ப-நி-ரி. எப்போதும் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருப்பது போன்ற ஓர் ஏக்கம் அதில் இருக்கும். அதிலிருந்து அடியில் இருக்கும் ஸ-வுக்கு, நான்காம் தந்திக்கு, மெட்டு இறங்கும் இடம்தான் பல உருப்படிகளின் உயிர். இன்றைய பாஞ்சோவில் சாதாரணமாக வைக்கும் சுருதியில் நான்காம் தந்தி ப-வாக இருப்பதால் இந்த இறக்கமே காணாமல் போகிறது.

எஃகுத் தந்தி கட்டிய இன்றைய பாஞ்சோவை இந்தத் தாழ்ந்த சுருதிக்கு இறக்கினால் தந்திகள் தொளதொளவென்று ஆகிவிடும். அந்தக் கருவிதான் இருக்கிறது என்றால் ஒரு வழி உண்டு. நான்காம் தந்தியை மட்டும் டி-யிலிருந்து சி-க்கு இறக்குங்கள். மேல் ஜி, சி, ஜி, பி, டி என்று வரும். தந்திகளுக்கு இடையே உள்ள சுர இடைவெளிகள் பிரிக்ஸின் சுருதியில் உள்ளவையேதான், எல்லாம் ஒரு மத்திமம் மேலே. விரல்கள் போகும் இடங்கள் துளியும் மாறாது. 1860-களின் புத்தகங்களில் மேல் இ, ஏ, இ, ஜி ஷார்ப், பி என்று எழுதியிருப்பதும் இதே இடைவெளிகள்தான், பிரிக்ஸைவிட ஒரு முழுச் சுரம் உயரத்தில். ஆக, ஒருமுறை விரல் பழகினால் எல்லாப் புத்தகமும் திறக்கும். சுரக்குறியின் பெயர்கள் மட்டும் மாறும்.

வலக்கை

பிரிக்ஸின் அறிவுரை சுருக்கமானது. வலக்கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும் போதும். சுட்டுவிரல் நகத்தின் பின்புறத்தால் அடிக்கும். கட்டைவிரல் சதைப்பற்றால் எழுப்பும். குறுந்தந்தி கட்டைவிரலுக்கே உரியது, அதை இடக்கை அழுத்துவதில்லை. மற்ற நான்கும் இரண்டு விரல்களுக்கும் பொது.

கையை எப்படி வைப்பது? நான்கு விரல்களையும் இலேசாக மடக்கி, பாதி மூடிய முட்டி போல ஆக்குங்கள். சுட்டுவிரல் மற்றவற்றைவிட ஒரு சென்டிமீட்டர் முன்னே நீட்டி நிற்கட்டும். கட்டைவிரல் நேராக, விறைப்பில்லாமல். இப்போது மணிக்கட்டிலிருந்து கை முழுவதும் கீழே விழட்டும். விரலை மட்டும் சுண்டினால் ஒலி மெலியும், கால் மணி நேரத்தில் கணு வலிக்கும். நகம் முதல் தந்தியில் படும் அதே கணத்தில் கட்டைவிரல் குறுந்தந்தியின் மேல் வந்து அமர வேண்டும். கற்பவர்கள் தவறவிடுவது இந்த அமர்வைத்தான். கட்டைவிரல் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தால் அடுத்த சுரத்துக்கு அது தந்தியைத் தேடிப் போக வேண்டியிருக்கும். தேடும் நேரத்தில் தாளம் நழுவும். அமர்ந்துவிட்டால் தேடல் இல்லை. கை மேலெழும்போது கட்டைவிரல் தந்தியை விட்டு விலக, ஒலி தானாகப் பிறக்கும். இறங்கும்போது ஒரு சுரம், ஏறும்போது ஒரு சுரம்.

வீணையில் பக்கத்துத் தாளத் தந்திகளைச் சுண்டுவிரல் மீட்டுவது நமக்குத் தெரியும். குறுந்தந்தியையும் அப்படியே நினைத்துக்கொண்டால் பாதிதான் சரி. அங்கே அந்தத் தந்திகள் தாளத்தையும் சுருதியையும் காட்டும். இங்கே குறுந்தந்தி அடிக்கடி மெட்டுக்குள்ளேயே நுழைந்துவிடும். மெட்டு மேல் பஞ்சமத்தைத் தொட வேண்டிய இடங்களில் முதல் தந்தியில் 16.6 சென்டிமீட்டர் மேலே ஏறிப் பிடிக்காமல், பக்கத்தில் திறந்து கிடக்கும் குறுந்தந்தியைக் கட்டைவிரல் தட்டிவிட்டுப் போகும். அதனால் பொருத்தமில்லாத இடத்தில் குறுந்தந்தியை ரீங்காரமாகச் சேர்க்கக் கூடாது. எழுதியிருந்தால் மட்டுமே வாசிக்க வேண்டும். பின்னாளில் தெற்கு மலைப்பகுதிகளில் வளர்ந்த வாசிப்பில் குறுந்தந்தி இடைவிடாமல் ஒலிக்கும். அந்தப் பழக்கத்தோடு இந்தப் புத்தகத்துக்கு வருகிறவர்கள் முதலில் கையைக் கட்டிப்போட வேண்டியிருக்கிறது.

அடுத்த படி, கட்டைவிரல் உள்ளே இறங்குவது. நான்கு துரித சுரங்கள் கொண்ட ஒரு சிறு பயிற்சி: முதல் தந்தியில் பி-யை இடக்கை அழுத்த, சுட்டுவிரல் அடி. உடனே கட்டைவிரல் குறுந்தந்தியில் டி. மறுபடி சுட்டுவிரல், முதல் தந்தி திறந்தபடி, ஏ. கடைசியாகக் கட்டைவிரல் உள்ளே இறங்கி இரண்டாம் தந்தியில் எஃப் ஷார்ப். ஜி ஸட்ஜத்தில் இது க-ப-ரி-நி. அடுத்த அடியில் இரண்டாம் தந்தியின் ஸ-வில் வந்து விழுந்தால் ஒரு வட்டம் முடியும். தாளம் தட்டும் மெட்ரனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு சுரமாகத் தொடங்குங்கள். இரண்டாம் தந்தியில் கட்டைவிரல் எழுப்பும் சுரம் நகத்தின் சுரத்துக்குச் சமமான வலுவோடு வந்த பிறகுதான் வேகத்தைக் கூட்ட வேண்டும். பெரும்பாலும் அது மெலிந்தே வரும், கட்டைவிரலின் நுனி மட்டும் தந்தியில் உரசுவதால். சதைப்பற்று முழுவதும் தந்தியில் சாய்ந்து, பிறகு விலக வேண்டும்.

மூன்றாவது அசைவு, இந்தப் பாணியின் அழகு முழுவதும் ஒளிந்திருக்கும் மும்மை. ஒரே இறக்கத்தில் நகம் இரண்டாம் தந்தியை அடித்து, நிற்காமல் வழுக்கி முதல் தந்தியையும் அடிக்கும். கட்டைவிரல் குறுந்தந்தியில் முடிக்கும். ஒரு கையிறக்கம், மூன்று சுரம். தவறு நேர்வது எங்கே என்றால், முதல் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே உரசலாகிவிடும், மூன்றாவது தாமதமாக வரும். தகிட என்று சீராக விழ வேண்டியது தக்-கிட என்றாகிவிடும். இதற்கு மருந்து, நகத்தை இரண்டாம் தந்தியில் அடித்தவுடன் முதல் தந்தியின் மேல் ஒரு கணம் ஊன்றி நிறுத்துவது. வாயால் தகிட சொல்லிக்கொண்டே, கி வரும்போது ஊன்றலை விடுங்கள். வேகம் கூடக்கூட ஊன்றல் தானாகக் கரைந்துவிடும், சீர் மட்டும் மிஞ்சும்.

நகம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. விரல் நுனியைத் தாண்டி ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் நரம்பில் சிக்கி உடையும். அந்தக் காலத்தில் பெரிய அரங்குகளில் ஒலி கடைசி வரிசை வரை போக, சுட்டுவிரலில் உலோக விரலுறை மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. அடிக்கும் இடம் குதிரைக்கு மிக அருகில் இருந்தால் நரம்பும் கீச்சிடும். தோலின் நடுவைத் தாண்டி, தண்டி வந்து சேரும் பக்கமாகக் கையை நகர்த்தினால் ஒலி உருண்டு திரண்டு வரும்.

இந்த அடிப்பாணியோடு கூடவே, கிடார் போலத் தந்தியை மேல்நோக்கிச் சுண்டும் பாணியும் 1860-களில் புத்தகங்களுக்குள் நுழைந்தது. 1880-களில் அதுவே நாகரிகமானது என்றாகி, நகத்தால் அடிப்பது நாட்டுப்புறத்துக்கு ஒதுங்கியது. ஃபிலடெல்ஃபியாவின் எஸ். எஸ். ஸ்டூவர்ட் போன்ற கருவி வணிகர்கள் பாஞ்சோவை வரவேற்பறைக்கு ஏற்ற கருவியாக்க முயன்றதும் இதே காலம்தான்.

இடக்கை

மெட்டுக்கட்டை இல்லாத தண்டி பலரை அச்சுறுத்துகிறது. வயலின் வாசிக்கிறவர்கள் சிரிப்பார்கள். 66 சென்டிமீட்டர் நீளத்தில் தேவைப்படும் இடங்கள் சிலவே. தண்டியின் தலைப்பகுதியில் தந்திகள் படியும் மேட்டிலிருந்து அளந்தால் அரைச் சுரம் 3.7 சென்டிமீட்டரில், முழுச் சுரம் 7.2-இல், ஒன்றரை 10.5-இல், இரண்டு 13.6-இல், மத்திமம் 16.6-இல், பஞ்சமம் 22-இல். தண்டியின் பக்கவாட்டில், பார்ப்பவர் கண்ணில் படாத இடத்தில், பென்சிலால் புள்ளி வைத்துக்கொள்வதில் தவறே இல்லை.

ஜி ஸட்ஜத்தில் சங்கராபரண ஆரோகணத்தை ஏறிப் பார்த்தால் தண்டியின் வரைபடம் கைக்கு வந்துவிடும். நான்காம் தந்தி திறந்து ஸ, 7.2-இல் ரி, 13.6-இல் க, 16.6-இல் ம. மூன்றாம் தந்தி திறந்து ப, 7.2-இல் த. இரண்டாம் தந்தி திறந்து நி, 3.7-இல் ஸ. முதல் தந்தி திறந்து ரி, 7.2-இல் க, 10.5-இல் ம. மேல் ப குறுந்தந்தியில். பதினொன்றில் நான்கு சுரங்கள் திறந்த நெடுந்தந்திகளிலேயே கிடைக்கின்றன, மேல் ப-வும் சேர்ந்தால் ஐந்து. சுருதி தவறுகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் தவறுவது ஒரே இடத்தில்: நான்காம் தந்தியின் 13.6. முதல் விரலை 7.2-இல் வைத்துக்கொண்டு அங்கே எட்ட விரலை விரிக்க வேண்டும், விரல் சோம்பினால் க தாழ்ந்துபோகும். திறந்த மூன்றாம் தந்தியோடு சேர்த்து ஒலித்து, காதால் சரிபார்ப்பதுதான் ஒரே வழி.

அழுத்திய விரலைப் பக்கவாட்டில் இழுத்து விடும்போது, வலக்கை தொடாமலேயே அடுத்த சுரம் ஒலிக்கும். இந்த இழுப்பு பிரிக்ஸ் காலத்திலேயே உண்டு. மெட்டுக்கட்டை இல்லாத தண்டியில் விரலின் சதை தந்தியை முழுசாக இறுக்க முடியாததால் ஒலி சற்றே குறுகி, முழவு போல வரும். அதைக் குறையாக எண்ணி நகத்தால் அழுத்த முயல்பவர்கள் உண்டு. வேண்டாம். அந்தக் குறுகிய ஒலியும், திறந்த தந்திகளின் நீண்ட ஒலியும் மாறி மாறி வருவதே இந்த இசையின் நிறம்.

தாளைப் படிப்பது

சுரக்குறி, கிடாருக்கு எழுதுவது போல, ஒலிப்பதைவிட ஒரு ஸ்தாயி மேலே எழுதப்பட்டிருக்கும். ஜிக் என்று தலைப்பிட்ட உருப்படிகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அயர்லாந்தின் ஜிக் மும்மை நடையில் போகும். இங்கே ஜிக் என்பவை பெரும்பாலும் இரண்டு தட்டுக் கொண்ட சதுர நடை. மும்மை நடுவில் அலங்காரமாக வந்து போகும். சில உருப்படிகளில் தட்டு விழ வேண்டிய இடத்தில் சுரமே இருக்காது, நிறுத்தக் குறி இருக்கும். டான் எம்மட் கைப்பட எழுதி வைத்த மெட்டுகளில் இது அதிகம். அந்த இடத்தைக் காலால் தட்டி நிரப்ப வேண்டும். கால் தட்டாமல் அதை வாசித்தால் கேட்பவருக்குத் தட்டு எங்கே என்றே தெரியாது, தாளம் புரண்டு கிடக்கும். மரப்பலகையின் மேல் செருப்புக் காலோடு தட்டினால் போதும், தனியாக மேளக்காரர் வேண்டியதில்லை.

மேல் டி எழுதியிருக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும்: குறுந்தந்தியா, முதல் தந்தியில் 16.6-ஆ? அந்தச் சுரம் தட்டுக்கு நடுவில், சுட்டுவிரல் அடிக்குப் பின்னால் வந்தால் குறுந்தந்தி. தட்டின் தலையில் வந்து, அதற்கு மேலும் மெட்டு ஏறினால் இடக்கை ஏற்கனவே மேலே போயிருக்க வேண்டும், ஆகவே முதல் தந்தி. இந்த விதி எல்லா இடத்திலும் செல்லாது என்றாலும் பெரும்பாலான இடங்களைத் தீர்த்துவிடும்.

தொடங்க பிரிக்ஸ்தான் சிறந்தவர். ஐம்பதுக்கு மேற்பட்ட உருப்படிகள் அதில் உண்டு, பல எட்டே தட்டு வரிசையில் முடிபவை. அதன் பிறகு கான்வர்ஸ் 1865-இல் ஆசிரியர் இல்லாமல் கற்பவர்களுக்காக எழுதியதைப் பாருங்கள், சொல்லால் விளக்குவதில் அவருக்கு இணையில்லை. பக்லியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அவருடைய உருப்படிகள் நீண்டவை, மும்மைகள் நெருக்கமாக வருபவை. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் இந்தப் புத்தகங்களின் படிகள் எளிதில் கிடைக்கின்றன.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துப் படியுங்கள். உலோகத் தகட்டில் கையால் செதுக்கி அச்சிட்ட பக்கங்கள் இவை, பிழைகள் உண்டு. ஒரு பகுதியில் தட்டின் கால் பங்கு கூடுதலாக இருக்கும், இன்னொன்றில் ஷார்ப் குறி விட்டுப்போயிருக்கும். முதலில் தட்டுகளை எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் ஓரிடத்தில் நகம், கட்டைவிரல், நகம், கட்டைவிரல் என்ற வரிசை உடைந்து, கட்டைவிரல் இரண்டு தந்திகளுக்கு ஒரே நேரத்தில் தாவ வேண்டியிருந்தால், உங்கள் கையைச் சந்தேகிக்கும் முன் அந்தச் சுரத்தை ஒரு கோடு மேலேயோ கீழேயோ நகர்த்தி வாசித்துப் பாருங்கள்.